திறந்தால் குற்றமாம்

மார்ச் 4, செவ்வாய்

லேப்டாப் செத்துப்போச்சு. நான் வரைகிற கிளினிக் கட்டட வரைபடத்தில் படிக்கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன், பொசுக்கென்று அணைந்தது. சார்ஜரை மாற்றினேன், தட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன். ம்ஹும். வெளியே இருப்பது பழைய நகல்தான். ஒரு மாத வேலை முழுக்க உள்ளே. இந்த மாதக் கடைசியில் கட்டட வேலை ஆரம்பம். போகட்டும், என்னைக் கட்டினவரே இந்த லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில்தானே வேலை பார்க்கிறார், நமக்கென்ன கவலை!

மார்ச் 5, புதன்

கவலைதான்.

நேரிலேயே போனேன். கவுன்டரில் இவர், கம்பெனிச் சட்டையில். பின்னால் மேனேஜர் நிற்க, இவர் சொன்னார்: "போர்டு மொத்தமும் மாத்தணும், மேடம். உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். இல்லேன்னா புதுசா வாங்கிக்கலாம்."

மேடமாம்! "வீட்டுக்கு வாங்க சார், பேசிக்கலாம்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

வந்ததும் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே என்னதான் கெட்டுப்போச்சு? மென்று முழுங்கிச் சொன்னார்: "கரன்ட்டைப் பிரிச்சுக் கொடுக்கற ஒரு குட்டி சிப். அதைக் கம்பெனி வெளியில விக்க விடாது. எங்களுக்கும் தர மாட்டாங்க. போர்டைத்தான் மாத்தச் சொல்லுவாங்க." சேமித்ததெல்லாம் அதே போர்டில் ஒட்டியிருக்கிறதாம், தனியே கழற்ற முடியாதாம்.

அப்போ நீங்களே சரிபண்ணுங்க என்றேன்.

"வெளியில கை வெச்சா வேலை போயிடும்."

லேப்டாப்பை அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சோறு போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

காசு கொடுத்தது நான். ஒரு திருகாணியைக் கழற்ற அவர்கள் அனுமதி வேண்டுமாம். யார் வீட்டுப் பொருள்டா இது?

மார்ச் 8, சனி

பழைய சாமான் கடையில் அதே மாடல் ஒன்று, திரை நொறுங்கிய நிலையில், கிடைத்தது. இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்து நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். நான் பிடித்த லட்சணம் இவருக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, அதைக் குத்திடாத! நகரு."

நகர்ந்தேன். அதற்குத்தானே உட்கார்ந்தேன்!

கடையில் வாங்கியதிலிருந்து அந்தச் சிப்பை எடுத்து என்னுடையதில் வைத்துச் சூடு காட்டினார். உயிர் வந்துவிட்டது! படிக்கட்டு அப்படியே இருந்தது. நகலை மெயிலில் அனுப்ப அவசரமாக நெட்டைப் போட்டேன். போய்ச் சேர்ந்தது. உடனே திரையில் சிவப்பாக ஒரு வரி: "அனுமதியற்ற பாகம். தயாரிப்பாளருக்குத் தெரிவிக்கப்பட்டது."

நெட்டைப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியாது. கம்பெனியிலேயே வேலை பார்க்கிற இவருக்கும் சந்தோஷத்தில் மறந்துபோச்சு.

மார்ச் 11, செவ்வாய்

மேனேஜர் இவரிடம் ஒரு தாளை நீட்டினாராம். 'எனக்குத் தெரியாமல் என் மனைவி வெளியாளிடம் கொடுத்துத் திறந்தாள்.' கையெழுத்துப் போட்டால் வேலை போகாது. நாளைக்குள் சொல்லணும்.

"போடுங்க, என் பேர்தானே கெடும்" என்றேன். வாடகை இருக்கிறது, மாமியாரின் மருந்து இருக்கிறது. சொல்லிவிட்டேனே தவிர, மனசு ஆறவில்லை. நான் என்ன தப்பு பண்ணினேன்?

மார்ச் 12, புதன்

போடவில்லை!

"திறந்தது நான். ரிப்பேர்தான் பண்ணினேன், திருடல. அப்படி எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றாராம். அங்கேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதோடு வந்தாரா? கவுன்டரில் ஒரு டீச்சர் புது லேப்டாப்புக்குப் பணம் கட்டப் போக, "வாங்காதீங்கம்மா, உங்களதுல பேட்டரி மட்டும்தான் போச்சு" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வாய் திறக்காத மனுஷன்! வாடகையை நினைத்துக்கொண்டே சிரிக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

பயமாக இருக்கிறது. வேறென்ன எழுத?

ஏப்ரல் 9, புதன்

கிளினிக்குக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது.

இன்று ஒரு ரிப்பேர் கடைக்கு வரைபடம் போட்டேன். தெருவைப் பார்த்த ஒரே அறை. இதுவரை வந்த வாடிக்கையாளர்களிலேயே என்னைக் கட்டின இவர்தான் அதிகம் படுத்தினார். மேசை வாசல் பக்கமே இருக்கணுமாம், நல்ல வெளிச்சம் வேணுமாம், கொண்டுவந்தவர்கள் எதிரிலேயே உட்கார நாற்காலி வேணுமாம். பழக்கதோஷத்தில் நடுவே ஒரு சுவரைப் போட்டிருந்தேன். வேலை செய்யற இடத்துக்கு மறைப்பு வேண்டாமாங்க என்று கேட்டேன்.

"மறைக்க என்ன இருக்கு?" என்றார்.

சுவரை அழித்துவிட்டேன்.