செவ்வாய்க்கிழமை நோயாளி

ஜனவரி 8, வியாழன்

கிளினிக்குக்குப் போனேன். தலைசுற்றல்தான், வேறென்ன. மருத்துவர் என் மகளைவிட இளையவர். கணினியின் முகத்தைப் பார்த்தே என் உடல்நிலையைத் தெரிந்துகொள்கிறார். காதுக்குள் விளக்கடித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததில் அவருக்குச் சற்று ஏமாற்றம். பிறகு, "வீட்ல யார்கூட சார் பேசுவீங்க?" என்றார்.

நான் முப்பது ஆண்டுகள் ஒரு நாளிதழில் புத்தக மதிப்புரை எழுதியவன். இந்த நகரத்தில் எத்தனை பேர் என்னோடு பேசுவதில்லை என்பதுதான் என் உழைப்பின் அளவு. அதைச் சொல்லவில்லை. "புத்தகங்களோடு" என்றேன். நோயின் அறிகுறியைக் குறிப்பதுபோல அதையும் தட்டிக்கொண்டார்.

சீட்டில் மாத்திரை இல்லை. 'சமூக இணைப்பாளரைப் பார்க்கவும்' என்றிருந்தது. ஆக, எனக்கு எழுதிக்கொடுத்த மருந்து மனிதர்கள். உணவுக்கு முன்பா, பின்பா என்று கேட்க மறந்துவிட்டேன்.

மாலை மகள் போன் செய்தாள். "அப்பா, மார்ச் கடைசில வரேன். நீங்க தனியா இருக்கலாம்னு அதுக்குள்ள கிளினிக்ல சொல்லணும். இல்லைன்னா என்கூட வந்துடணும். பேசியாச்சு." யாரோடு பேசியாச்சு? என் அறை தயாராம். அந்த அறையை எனக்குத் தெரியும், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பது. ஜன்னல் உண்டு, அடுத்த வீட்டுச் சுவரைப் பார்க்கலாம். புத்தகங்களில் முக்கியமானதை மட்டும் எடுத்துவரலாமாம்.

இந்த வீட்டை விட்டு நான் நகரப்போவதில்லை.

ஜனவரி 12, திங்கள்

சமூக இணைப்பாளர் என்பவர் கழுத்தில் அடையாள அட்டையும் முகத்தில் நிரந்தரப் புன்னகையும் அணிந்த ஒரு பெண். முன்பு எடை பார்க்கும் இயந்திரம் இருந்த அறையை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இயந்திரத்தை எடுக்கவில்லை. அதன் மேல் ஒரு பூச்சாடி.

"உங்களுக்கு எது முக்கியம்னு சொல்லுங்க சார்."

"தனிமை."

குறித்துக்கொண்டு கடையை விரித்தார். நடைக் குழு, தோட்டக் குழு, சேர்ந்து பாடும் குழு, களிமண் குழு. "சிரிப்புக் குழுகூட இருக்கு சார். காரணமே இல்லாம சிரிப்பாங்க." காரணத்தோடு சிரிக்கவே எனக்கு நேரம் போதவில்லை என்றேன்.

வயதானவர்களைக் கண்டால் கையில் களிமண்ணைக் கொடுக்க வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்? எப்படியும் அங்கேதான் போகப்போகிறார்கள், பழகிக்கொள்ளட்டும் என்றா?

எல்லாவற்றையும் மறுத்தேன். அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "அப்போ ஒண்ணு கேக்கட்டுமா சார்? உங்களை மாதிரிப் படிச்சவங்க உதவி பண்ற பக்கம் வரலாமே. பாவம், ஒரு பெரியவர் தனியா இருக்கார். வாரம் ஒரு தடவை போய்ப் பேசிட்டு வந்தாப் போதும்" என்றார்.

இதில் அவமானம் இல்லை. மேலும், பிறருக்கு உதவுகிற ஒருவனை யார் வாஷிங் மெஷின் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடுவார்கள்? ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 24, சனி

தன்னார்வலர் பயிற்சி. வட்டமாக நாற்காலிகள். பிறர் பேசுவதைக் கேட்பது எப்படி என்று ஒருவர் மூச்சுவிடாமல் பேசினார். ஒவ்வொரு சந்திப்பிலும், விசாரணைபோலத் தெரியாமல், மூன்று கேள்விகள் கேட்க வேண்டுமாம்: இந்த வாரம் வெளியே போனீங்களா? யார்கூடப் பேசினீங்க? எதுக்காவது சிரிச்சீங்களா? பதில்களை மாதம் ஒருமுறை இணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். பிஸ்கட் நமத்துப்போயிருந்தது.

ஜனவரி 27, செவ்வாய்

என் நோயாளியைப் பார்த்தேன். நோயாளி என்று சொல்லக் கூடாதாம், 'தோழமை நபர்' என்று சொல்ல வேண்டுமாம். நோயாளி.

நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. அவரோ வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்தவர். இவ்வளவு மலிவான முரணை யாராவது நாவலில் வைத்திருந்தால் கிழித்திருப்பேன். "நான் சரி பண்ணித் தரேன்னு சொன்னேன் சார். லைசென்ஸ் இருக்கற ஆளைத்தான் விடுவாங்களாம். அவன் வந்தான், எட்டிப் பார்த்தான், போயிட்டான்."

பெரிய உடம்பு, பெரிய கைகள். மனைவி இல்லை, மகன் வேறு ஊரில். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, "வாங்க சார், தைரியமா உட்காருங்க" என்றார். தைரியமாகவா? பேசும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, பாவம். லிஃப்ட் கதவுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தலையாட்டினேன். கேட்பது என்றால் அதுதானே.

பிப்ரவரி 3, செவ்வாய்

மூன்று கேள்விகளுக்காக நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இந்த வாரம் வெளியே போனீங்களா சார்? யார்கூடப் பேசினீங்க?" மேலே விட்டத்தைப் பார்த்து யோசித்துவிட்டு, "ஆங்... எதுக்காவது சிரிச்சீங்களா?"

முன்பு வந்த தன்னார்வலர் எவரோ கேட்டுக் கேட்டு இவருக்கு மனப்பாடமாகிவிட்டிருக்கிறது. கிளி. மனம் நோகக் கூடாதே என்று பதில் சொன்னேன்: போகவில்லை, யாரோடும் இல்லை, இல்லை. "எல்லாம் சரியாயிடும்" என்று என் தோளைத் தட்டினார். பிறகு அதே மூன்றை நான் கேட்டேன். "பரவால்லையே, நீங்களும் திருப்பிக் கேக்கறீங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மூளை சற்றுத் தளர்ந்திருக்கலாம். இணைப்பாளரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

முட்டை பொரித்து ரொட்டியோடு வைத்தார். உப்பு அதிகம். முழுக்கச் சாப்பிட்டேன், அவர் மனம் புண்படக் கூடாது என்பதற்காக.

பிப்ரவரி 24, செவ்வாய்

அவருடைய ரசனையை உயர்த்தலாம் என்று ஒரு நாவலை எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். பரிசு வாங்கிய நாவல். மூன்றாம் பக்கத்தில் குறட்டை. இதற்கு நான் எழுதிய மதிப்புரைகூட இவ்வளவு கச்சிதமாக இல்லை. எழுப்பினேன்.

"தூங்கலை சார், கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டிருந்தேன். அந்தப் பொண்ணு அழுதுட்டே இருக்கு. மழையும் விடாமப் பெய்யுது. ரெண்டுல ஒண்ணாவது நிறுத்தக் கூடாதா?"

சத்தமாகச் சிரித்துவிட்டேன். கீழ்வீட்டிலிருந்து கூரையைத் தட்டினார்கள். நோயாளியின் முன்னால் இப்படிச் சிரிக்கலாமா என்று பயிற்சியில் சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மூன்றாவது மாடிப் படியில் நின்றுகொண்டிருந்தார். "சும்மா, காத்து வாங்கலாம்னு நின்னேன்." ஜன்னலே இல்லாத படிக்கட்டில் என்ன காற்று? நான்காவது மாடிவரை எனக்கு ஒரு படி பின்னால் வந்தார், விழுந்தால் பிடிக்கிறவரைப் போல. எனக்குத் தலை சுற்றும் என்று இவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவே இல்லையே.

தலைசுற்றல் என்று கிளினிக்குக்குப் போய் நாளாகிவிட்டது என்று இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

மார்ச் 27, வெள்ளி

எங்கே தொடங்குவது?

மகள் வந்தாள். நேரே கிளினிக், எடை இயந்திர அறை. வென்றவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா தனியா இருக்கலாமா மேடம்?"

"நல்ல முன்னேற்றம்" என்றார் இணைப்பாளர். "ஆனா என்னைவிட, அவரைப் பார்த்துக்கறவர் சொன்னாத்தான் சரியா இருக்கும். லிஃப்ட் வேலை பார்த்தவர். எங்க வாலண்டியர்."

"அவர் என் நோயாளி" என்றேன்.

அந்தப் பெண் முதன்முறையாகப் புன்னகையைக் கழற்றினார். "கோவிச்சுக்காதீங்க சார். ரெண்டு பேருமே எந்தக் குழுவும் வேண்டாம்னுட்டீங்க. உதவி பண்றதுன்னா மட்டும் ரெண்டு பேருமே வரேன்னீங்க. உங்களை வீட்டை விட்டு வெளியே வர வைக்கணும், அதனால அங்கே அனுப்பறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். நான் என்ன சார் பண்றது? உதவி பண்ண எங்கிட்ட நாப்பது பேர் இருக்காங்க. உதவி வேணும்னு ஒத்துக்கிட்டவங்க ஒருத்தர்கூட இல்லை."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு எங்கே சிரிப்பு வரும்? போகலை, பேசலை, சிரிக்கலைன்னு மாசாமாசம் என்னைப் பத்தி ஒப்பிச்சிருக்கான்! ஒரு லிஃப்ட் மெக்கானிக்! நான் இலக்கியம் சொல்லிக்கொடுத்த ஆள்!

மகள் விடவில்லை, அவரையே கேட்டுவிடலாம் என்றாள். நான்கு மாடி ஏறினோம். கதவு திறந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"என்னைப் பார்த்துக்கறதா சொல்லிட்டிருக்கீங்களாமே?"

"பின்ன? வாராவாரம் நான்தானே சார் பார்த்துக்கறேன்?"

"யோவ், உங்களைப் பார்த்துக்கத்தான்யா நான் வரேன்! எனக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க!"

"எனக்கும்தான் குடுத்தாங்க! பிஸ்கட்டோட!"

அவர் முகம் சுருங்கிப்போனது. அவமானம் அவருக்கும்தானே. எவனோ ஒருவன் தன்மேல் பரிதாபப்பட்டுக்கொண்டே தன் வீட்டு முட்டையைத் தின்றிருக்கிறான்.

மகள் குறுக்கே வந்தாள். "ஐயா, அதெல்லாம் இருக்கட்டும். அப்பா தனியா இருக்கலாமா? அதை மட்டும் சொல்லுங்க. கூடாதுன்னா நாளைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரே வார்த்தையில் என்னைத் தீர்த்திருக்கலாம். அவருடைய இடத்தில் இருந்தால் நான் தீர்த்திருப்பேன், முப்பது ஆண்டுகள் செய்த வேலை அதுதான்.

"நான்தாம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றார். "உங்க அப்பா சொல்றதுதான் சரி. எனக்குக் கொஞ்சம் மறதி. சார்தான் வந்து என்னைப் பார்த்துக்கறார். அவரைக் கூட்டிட்டுப் போயிட்டா அப்புறம் எனக்கு யார் இருக்கா?"

அவருக்கு மறதி கிடையாது. எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு எப்போது மக்கர் செய்தது என்பதுவரை நினைவு.

நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 28, சனி

"சரி, இங்கேயே இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு மகள் ஊருக்குப் போனாள். வென்றுவிட்டேன். எவ்வளவு கேவலமான வெற்றி.

மார்ச் 31, செவ்வாய்

போகவில்லை. மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா? இரண்டிலுமே எனக்குப் பழக்கமில்லை. மதியம் தலை சுற்றியது.

ஏப்ரல் 2, வியாழன்

இணைப்பாளர் போன் செய்தார். "அவருக்கு மறதின்னு உங்க பொண்ணு அக்கறையாச் சொன்னாங்க சார். நான் உடனே அவர் பையனுக்குச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வந்து அவரைத் தன்னோட கூட்டிட்டுப் போறாராம். உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணுமாம்."

கெடுதல் செய்கிறவர்கள்கூட இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

மறுபடி எடை இயந்திர அறை. லிஃப்ட்காரரின் மகன் நல்ல பையன்தான். மடிப்புக் கலையாத சட்டை, ஒரு காதில் எப்போதும் எதையோ மாட்டியிருக்கிறான். "அங்கிள், நீங்க வாராவாரம் பார்க்கறீங்க. அப்பா தனியா இருக்கலாமா? மறதின்னு அவரே சொன்னாராமே."

லிஃப்ட்காரர் பூச்சாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுக்கவில்லை. மறுத்தால் என் மகள் திரும்பி வருவாள் என்று அவருக்குத் தெரியும். வீடு போனாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் இப்படி ஒரு முட்டாளை ஒரு நாவலில் பார்த்திருந்தால் நம்பியிருக்கவே மாட்டேன்.

"தம்பி," என்றேன், "உங்க அப்பாவுக்கு மறதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நோயாளி நான்தான். என் மனைவி போனதுலேர்ந்து நான் ஒழுங்காச் சாப்பிடறதில்லை, யார்கூடவும் பேசறதில்லை. பேச ஆள் வேணும்னுதான் தலை சுத்துதுன்னு இங்கே வந்துட்டிருந்தேன்னு நினைக்கறேன். உங்க அப்பாதான் என்னை உட்கார வெச்சு, உப்பை அள்ளிப் போட்டு முட்டை பொரிச்சுக் குடுத்து, லிஃப்ட் கதை சொல்லித் தேத்தினார். அன்னைக்கு எனக்காகப் பொய் சொன்னார். நான் பார்த்துட்டுச் சும்மா நின்னேன்."

இணைப்பாளரிடம் திரும்பினேன். "எழுதிக்கோங்கம்மா. உதவி வேணும்னு ஒத்துக்கிட்ட முதல் ஆள்."

மகன் காதில் இருந்ததைக் கழற்றினான்.

"உப்பு ஜாஸ்தின்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார் லிஃப்ட்காரர்.

இணைப்பாளர் எழுதிக்கொண்டார். அது இன்று மாலைக்குள் யாருக்குப் போய்ச் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏப்ரல் 8, புதன்

மகன் தனியாகவே ஊருக்குத் திரும்பிவிட்டான்.

மகள் போன் செய்தாள். எல்லாம் கேள்விப்பட்டாளாம். நேரில் வந்து பேச வேண்டுமாம், என்றைக்கு வரட்டும் என்று கேட்டாள். என்றைக்கு வேண்டுமானாலும் வா, செவ்வாய்க்கிழமை மட்டும் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்றேன்.