கிடை போட்ட காட்டைக் கடந்த காலை

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்கு,

தங்கள் நாத்தனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்களின் முதலாண்டுத் திதியன்றே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. பதினைந்து நாள்கள் கடந்து எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். திண்டுக்கல்லில் எங்கள் தெருவினர் அனைவருக்கும் மனு எழுதிக் கொடுக்கும் எனக்கு, தங்களுக்கு எழுத மட்டும் முதல் வரி கிடைக்கவில்லை. சொல்வதற்கு நல்ல சேதி ஒன்றும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அண்ணனைப் பற்றித்தான் சொல்கிறேன். தாங்கள் போன பிறகு அவர் கட்டிலை விட்டு இறங்குவதே அரிதாகிவிட்டது. தங்களைப் பற்றி ஒரு சொல்கூட அவர் பேசி நான் கேட்கவில்லை. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. நடக்காவிட்டால் காலுக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க அண்ணன வீட்டுக்குள்ளயே ஒக்கார விட்றாதீக" என்று சொன்னீர்கள். சரி என்றேன். ஓராண்டாக அந்தச் சொல்லைக் காப்பாற்றவில்லை.

எனவே திதிக்கு வந்தவள் ஊர் திரும்பாமல் இங்கேயே, சாணார்பட்டிப் பக்கத்துத் தங்கள் வீட்டிலேயே, தங்கிவிட்டேன். மூன்று நாள் விடியலில் நடக்க அழைத்தேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான்காம் நாள் அழைக்கவில்லை. அவருடைய செருப்பைக் கட்டிலருகே வைத்துவிட்டு நின்றேன். எழுந்து வந்தார்.

கோடைதோறும் நான் இங்கு வரும்போது நாம் மூவரும் ஏறுவோமே, அதே கரடுதான். வெயில் ஏறுமுன் உச்சியில் நட்டிருக்கும் வேலைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஒன்றரை மணி நேரம். கரட்டடிக்குத் தாங்கள் எப்போதும் கிணற்றைச் சுற்றிக்கொண்டுதான் போவீர்கள். காட்டுக்குக் குறுக்கே போனால் பாதித் தூரம் என்று நான் வருடந்தோறும் வாதாடியது நினைவிருக்கிறதா? மறுத்து ஒரு சொல் பேசமாட்டீர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடப்பீர்கள். அதை வெறும் பிடிவாதம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

இம்முறை முன்னால் நடந்தவள் நான். ஆகவே குறுக்கே இறங்கினேன்.

அறுப்பு முடிந்து சும்மா கிடந்த சோளக்காடு அது. எருவுக்காக அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்து, முந்தின நாள்தான் அடுத்த காட்டுக்கு மாற்றியிருந்தார்கள். தரையெங்கும் புழுக்கை. ஆடுகள் போயிருந்தன, அவற்றைக் கடித்துக்கொண்டிருந்தவை போகவில்லை. பாதித் தூரம் செல்வதற்குள் ஈக்கள் மொய்த்துக்கொண்டன. சேலைக்கு மேலேயே குத்தும் ஈக்கள். துண்டை வீசி வீசி என் தோள் வலித்ததுதான் மிச்சம். அண்ணன் காலை உதறி உதறி நடந்து வந்தார்.

கரட்டடிப் பாறையில் அவரை உட்காரவைத்து வேட்டியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு காலிலும் தடிப்புத் தடிப்பாகக் கடி. கணுக்காலில் மூன்று உண்ணிகள். சர்க்கரை உள்ள காலில் புண் வந்தால் ஆறாது என்று எத்தனை முறை வாசித்திருக்கிறேன்! தங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போய் அவர் காலையே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தபடி, உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்போதுதான் அவர் பேசினார்.

"அவ கிடை போட்ட காட்டுல எறங்கவே மாட்டா, பாக்கியம். மழ விழுகுற வரைக்கும் சுத்தித்தான் போவா."

பிடுங்கிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நானும் சொல்லச் சொன்னேன். சொன்னா, ஒங்க தங்கச்சி அது எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குன்னு கேப்பாக, விடுங்கன்னுட்டா."

"நீங்களாச்சும் இன்னைக்குச் சொல்லப்படாதா?"

"நீதான் விறுவிறுன்னு போன. வழி தெரிஞ்சவ மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஓராண்டுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். எந்தப் புஸ்தகத்தில் என்று நான் கேட்டிருப்பேனா, மதினி? கேட்டிருப்பேன். தானாகவே படித்து முன்னேறியவள் என்ற பெருமையில், படிக்காமலே தெரிந்துவைத்திருப்பவர்களிடம் நான் எதையும் கேட்டுக்கொண்டதில்லை. அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கோருகிறேன்.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். இம்புட்டுத் தூரம் வந்துவிட்டுத் தொடாமல் போவதா என்று அவரே எழுந்து ஏறினார். ஏறும்போதும் இறங்கும்போதும் தங்கள் பேச்சுத்தான். கல்யாணமான புதிதில் இதே கரட்டில் தாங்கள் அவரைப் பின்னால் விட்டுவிட்டு ஓடி ஏறியதைக்கூடச் சொன்னார். எனக்கு அது தெரியாது.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். ஒரு வாரம் மருந்து போட்டதில் கடிகள் எல்லாம் காய்ந்துவிட்டன; புண் ஏதும் இல்லை. காலுறை போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று உத்தரவு. நேற்று இரண்டு ஜோடி வாங்கி வந்தேன். நாளை எத்தனை மணிக்கு என்று அண்ணன் இப்போதே இருமுறை கேட்டுவிட்டார். இனி மழை விழும் வரை கிடை போட்ட காட்டில் அவரை இறக்கமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

ஒரு சிறு சிக்கல் மட்டும் உள்ளது. அன்று திரும்புகையில் சுற்றுவழியில் வந்தோம். கிணற்றருகே தடம் இரண்டாகப் பிரிகிறது. எதில் வருவது என்று இருவருக்குமே தெரியவில்லை. முள்ளுக்குள் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். இத்தனை வருடமும் தங்கள் முதுகைப் பார்த்தே நடந்திருக்கிறோம். வழியைப் பார்த்து வைக்கவில்லை.

இடப்பக்கம் என்கிறார் அண்ணன். வலப்பக்கம் என்கிறேன் நான். விரைவில் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
தங்களுக்குப் பின்னால் நடந்து வந்த நாத்தனார்,
பாக்கியம்