கழற்றியவர்தான் பூட்ட வேண்டும்

என் அருமைத் தம்பி பூதக்கண்ணாடிக்கு,

உன் அக்கா திருகாணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் அத்தானின் முழங்கால்களைத் தவிர. அவை இரண்டும் தனிக்குடித்தனம் போய்விட்டன, ஒன்று நடக்கலாம் என்றால் மற்றது உட்காரலாம் என்கிறது. அங்கே குளிர் குறைந்ததா? உன் மனைவியின் இருமல் நின்றதா? போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கோம்க்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் நீ பாதியில் போனை வைக்க முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் உன் மகள் என்னைக் கூப்பிட்டாள். யாரோ கொடுத்த பழைய கேமரா ஒன்று வைத்திருக்கிறாளாம், அதற்கு ஒரு லென்ஸ் அனுப்ப முடியுமா அத்தை என்று கேட்டாள். அப்பாவிடம் கேட்டாயா என்றேன். கேட்டாளாம். நம்ம வீட்டுக் கைக்கு அதெல்லாம் வராது, எனக்குக் கை நடுங்கும், உனக்கும் நடுங்கும் என்று சொன்னாயாம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். அப்பாவின் தையல் மேசைதான் இப்போது என் வேலை மேசை. யாரோ பரணில் போட்டு மறந்த லென்ஸ்களை வாங்கி, துடைத்து, ஓட வைத்து விற்கிறேன். எல்லாம் தானாக நடக்கும் கேமராவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, கையால் வளையத்தைத் திருகிப் படம் எடுக்க இப்போது ஆசை வந்திருக்கிறது. வாங்கும்போது பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, புகை மாதிரி தெரிந்தால் உள்ளே எண்ணெய் படிந்திருக்கிறது. பிறகு காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன், உள்ளே ஏதாவது கழன்று கிடந்தால் சத்தம் வரும். உன் அத்தான் பக்கத்தில் இருந்தால், தேங்காய் முற்றலா இளசா என்று விசாரிப்பார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பழைய சாமான் வியாபாரி ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றில் மிஞ்சியதாம். பதினோரு லென்ஸ், பழைய துண்டுகளில் சுற்றியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எட்டாவதைக் கையில் எடுத்தபோது என் கட்டைவிரல் தானாகப் போய் ஒரு வெட்டில் உட்கார்ந்தது. முன் வளையத்தில், எழுத்து தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

நாய்க்கடி. மறந்திருக்க மாட்டாய். வளையத்தைக் கழற்றும் சாவி நம்மிடம் ஏது? உன் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்து, இரண்டு முனையையும் இரண்டு குழியில் வைத்துத் திருகினோம். என் கை வழுக்கி, பளபளவென்று இருந்த வளையத்தில் ஒரு வெட்டு. உன் முகம் அழப்போகிற மாதிரி ஆகிவிட்டது. பரவாயில்லைடா, நாய் கடித்தது என்று சொல்லிக்கொள்வோம் என்றேன். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

வியாபாரி எதிரில் உட்கார்ந்திருக்கிறார், நான் லென்ஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். பல்வலியா என்று கேட்டார் பாவம்.

சின்ன வயதில் நாம் லென்ஸ் பிரித்துப் பூட்டிய அந்தப் பின்னறை முழுக்கத் திரும்ப வந்துவிட்டது தம்பி. ஸ்பிரிட் வாடை. ஆணிகளை வரிசையாகப் போட்டுவைக்க நாம் திருடிய ஐஸ் ட்ரே. தூசி ஊத மருந்துக்கடையில் வாங்கிய ரப்பர் பந்து. பூட்டிய ஆணி கழலாமல் இருக்க அம்மாவின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்போம். அம்மா பாட்டிலைத் தேடிக்கொண்டு வந்து, உங்க லென்ஸுக்கு இன்னைக்குக் கல்யாணமா என்று கேட்பாள். நான் ஒரு லென்ஸைப் பூட்டி முடித்தபோது ட்ரேயில் ஓர் ஆணி மிச்சம் கிடந்ததே, அன்றைக்குத்தான் எனக்குத் திருகாணி என்று பெயர் வைத்தாய். அதோடு ஒரு சட்டமும் போட்டாய், இனிமேல் கழற்றியவர்தான் பூட்ட வேண்டும் என்று.

அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு தடவைதான் மீறினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு இரண்டு நாள் முன்னால், எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவளாகவே கேட்டாள். தனக்காக எதையுமே கேட்காதவள். நீ காலையிலேயே நாய்க்கடி லென்ஸைப் பிரித்து முன் கண்ணாடியில் இருந்த பூஞ்சையைத் துடைத்து வைத்தாய். ஃபிலிம் இல்லை என்று தெரிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினாய். பெரியப்பா குடும்பம் அதற்குள் வந்துவிட்டது. நீ வருவதற்குள் தயாராக இருக்கட்டும் என்று நான் பூட்டினேன்.

கண்ணாடியின் விளிம்பில் நீ பென்சிலால் ஓர் அம்பு போட்டிருந்தாய். நான் போடும் அம்பு எப்போதும் முன்பக்கத்தைக் காட்டும், வெளியே பார்க்கிற பக்கம். அப்படியே வைத்தேன். வைக்கும்போது ஒரு நொடி கை நின்றது. இவன் அம்பும் என் அம்பும் ஒன்றுதானா என்று நினைத்தேன். அவரவர் கழற்றியதை அவரவர் பூட்டியதால் அதுவரை கேட்டுக்கொள்ளும் தேவையே வரவில்லை. நீ வந்ததும் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு, நகப்பூச்சுப் பொட்டும் வைத்துவிட்டேன். பிறகு கேட்கவில்லை.

நீ கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ஓரமெல்லாம் என்னமோ மாதிரி இருக்குக்கா என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பூதம், முதலில் உன் கண்ணாடியைத் துடை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சட்டை நுனியால் துடைத்துவிட்டு எடுத்தாய்.

படம் வந்த அன்றைக்கு நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் அம்மா மட்டும் தெளிவு. சுற்றி நின்ற ஒன்பது பேரும் இழுபட்டு, சுழற்றிவிட்ட மாதிரி. பெரியப்பா அந்தப் படத்தை உன் முன்னால் நீட்டி, கை நடுங்குகிற பயலுக்கு எதுக்குடா கேமரா, அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான், அதையும் பாழ் பண்ணிவிட்டாயே என்றார். நீ உன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நேற்று பூட்டியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியப்பாவுக்குப் பயம். அதைவிட, அம்மாவின் படத்தைக் கெடுத்தது நான் என்று ஆகிவிடுமே என்ற பயம். அடுத்த வாரமே நீ கேமராவையும் லென்ஸையும் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தாய். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. திறந்து பார்க்க இனி வழியில்லை அல்லவா. அவ்வளவு கேவலமாக இருந்திருக்கிறேன்.

இப்போது வழி வந்துவிட்டது. அந்தச் சிவப்புப் பொட்டு இருபத்தாறு வருஷம் கழித்தும் உடையாமல் இருந்தது. நடுவில் யாரும் திறக்கவில்லை. நான் சுரண்டித் திறந்தேன். உன் பென்சில் அம்பு அப்படியே இருக்கிறது, முன்பக்கம் பார்த்து. கண்ணாடியின் வளைவைத் தொட்டுப் பார்த்தால் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும், அது திரும்பி உட்கார்ந்திருக்கிறது. சந்தேகமே வேண்டாம் என்று, நீ விட்டுவிட்டுப் போன இன்னொரு லென்ஸையும் திறந்தேன், நீயே கழற்றி நீயே பூட்டியது. அதில் அம்பு உள்நோக்கிப் போகிறது. வெளிச்சம் போகிற திசையில் போட்டிருக்கிறாய். உன் அம்பு வெளிச்சத்துக்கு, என் அம்பு வாசலுக்கு.

போதாக்குறைக்கு, திறப்பதற்கு முன்னாலேயே மாடியில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்திருந்தேன். நடுத்தொட்டி கண்ணாடி மாதிரி தெளிவு, ஓரத்துத் தொட்டிகள் எல்லாம் சுழல்கின்றன. என் கையில் நடுக்கம் இல்லை தம்பி. உன் கையிலும் அன்றைக்கு இல்லை.

கூத்தைக் கேள். என்னிடம் லென்ஸ் வாங்கும் ஒரு கல்யாண ஃபோட்டோகிராஃபர் அந்தத் தொட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தச் சுழலுக்காகத்தான் ஊரே அலைகிறது, சரி பண்ணிவிடாதீர்கள், அப்படியே கொடுங்கள் என்று மூன்று நாளாக வாசலில் நிற்கிறார். விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு என்னிடம் இருந்த வேறு இரண்டை வாங்கிக்கொண்டு போனார்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் திட்டு வாங்கிக்கொண்டு நீ தெருவுக்குப் போன பிறகு அம்மா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இன்னைக்குத்தான் நான் நிற்கிறேன், நீங்கள் எல்லோரும் ஓடுகிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள், ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக்கொண்டுதான் போனாள். அவள் கண்மூடிய பிறகு எடுத்து வைத்தேன், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும் என்று அதையும் சேர்த்து மறைத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே, அதெல்லாம் ஒன்றும் இல்லைக்கா என்று சொல்லிவிடுவாய். அந்தப் பதில் எனக்கு வேண்டாம். உன் மகளைக் கூப்பிட்டு, கை நடுங்கும் என்று சொன்னது தப்பு என்று சொல். அத்தைதான் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள் என்றும் சொல். அவள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

கண்ணாடியைத் திருப்பிப் பூட்ட எனக்கு இரண்டு நிமிஷம் போதும். நான் தொடவில்லை. வெள்ளைத் துணியில் வைத்து, அம்மாவின் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடியிருக்கிறேன். உன் அத்தான் தினமும் அந்தக் கிண்ணத்தைத் தூக்கப் போய்த் திட்டு வாங்குகிறார். இந்தத் தடவை திறந்தது நீதானேக்கா என்று சட்டம் பேசாதே. முதலில் கழற்றியவன் நீ, நீதான் பூட்ட வேண்டும்.

வா தம்பி. உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா, அவள் பார்க்கப் பூட்டு. நகப்பூச்சு நான் வாங்கி வைத்துவிட்டேன், அதே சிவப்பு. பிறகு எங்களை முன்னறையில் நிற்க வைத்து ஒரு படம் எடு. எனக்கு நடுவில் இடம் வேண்டாம். அன்றைக்கு நின்ற அதே இடது ஓரத்தில் நிற்கிறேன். என் முகம் தெளிவாக விழட்டும்.

உன் கைகள் என்றைக்கும் நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா,
திருகாணி