பழுதில்லாத இலைகள்

கோவில்பதாகை,
21-10-97

அன்பு மகள் ஹில்டாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நாக்பூரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உடம்புதான் சுகம், மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, அப்பா சர்ச் கமிட்டிக்குப் போன நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

நம் தாய் எலுமிச்சை மரத்து இலைகளை நீ உன் லேபில் பரிசோதித்து, மஞ்சள் நோய்க் கிருமி தெரியவில்லை என்று சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் நின்று, என் மகள் டி.என்.ஏ. எடுத்தே பார்த்துவிட்டாள், மரம் சுத்தம் என்று எல்லாரிடமும் சொல்கிறார். அடுத்த ஞாயிறுக்கு மறு ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அந்த மரத்தில் போட்ட பதியன் கன்றுகளை இந்த வருஷமும் சர்ச் ஏலத்துக்குக் கொடுக்கப் போகிறார், கிணற்றடியில் வரிசையாக நிற்கின்றன. ஜோசப்ராஜ் அண்ணன் கன்று என்று அப்பா பெயரைச் சொன்னாலே நம் சபையில் போட்டி போட்டு எடுப்பார்கள், உனக்குத் தெரியாததா. இந்நேரம் பார்த்து வேம்புலி வந்தான், காட்டுப்பாக்கத்தில் கத்தரியை அழித்துவிட்டு நம் கன்றுகளை நம்பித் தோட்டம் போட்டவன். இன்னாம்மா, சார் குடுத்த செடியாச்சேன்னுதான் வெச்சேன், எல்லாம் மஞ்சளா பூட்ச்சு, காய் கோணிக்கினு சின்னதா கீது, பொண்டாட்டி புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்க போவேன் என்று அழுதுவிட்டான். உரம் போதவில்லை, என் மரத்தில் ஒன்றும் கிடையாது என்று அப்பா கடுகடுத்து அனுப்பிவிட்டார்.

அவன் போன பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. மஞ்சள் திட்டுப் பிடித்த இலைகளாகப் பார்த்து அனுப்புங்கள், கிருமி மரம் முழுக்க ஒன்றுபோல இருக்காது, அந்த இலைகளின் நடு நரம்பை நறுக்கி அரைத்துத்தான் டி.என்.ஏ.வைப் பிரிப்பேன், கிருமியுடையதும் அதோடு சேர்ந்து வந்தால்தான் கண்டுபிடிக்க முடியும் என்று நீ போனில் படித்துப் படித்துச் சொன்னாய். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பண்டிகைக் கூடையில் கீறல் விழுந்த ஒரு கத்தரிக்காயைக்கூட வைக்க விடாத மனுஷன், அதே குணத்தோடு மரத்தடிக்குப் போனார். சொத்தை இலையை அனுப்பினால் மகள் வேலை பார்க்கும் இடத்தில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பச்சைப் பசேலென்று இருந்ததாகப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து அடுக்கினார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். நேற்று இதை எடுத்துச் சொன்னேன். நல்ல இலையில் இல்லாதது கெட்ட இலையில் எப்படி வரும், நீயும் வேம்புலியோடு சேர்ந்துகொண்டாயா என்று கத்திவிட்டு, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அவர் கோபம் பழகினதுதான். ஆனால் அத்தனை வீட்டுக்கும் நம் கையாலேயே நோயைக் கொடுத்தனுப்ப என் மனசு கேட்கவில்லை ஹில்டா, பயமாக இருக்கிறது. திட்டுப் பிடித்த இலைகளை நானே பறித்துத் துடைக்காமல் காகிதத்தில் மடித்துவிட்டேன். பக்கத்துத் தெரு பால்ராஜ் லீவு முடிந்து நாளை பட்டாளத்துக்குத் திரும்புகிறான், அவன் ரயில் நாக்பூர் வழியாகத்தான் போகிறது. பொட்டலத்தையும் இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி சுலைமான் பூத்திலிருந்து உனக்குப் போன் செய்துவிடுகிறேன். மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு இதைப் பார்.

இவ்வளவு எழுதும்போதே அப்பா வந்துவிட்டார். பொட்டலத்தை மறைக்கக்கூட நேரமில்லை. பிரித்துப் பார்த்தார். திட்டு விழுந்த ஒரு இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பொட்டலத்தோடு வெளியே போனார். எல்லாவற்றையும் கிழித்துப் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மரத்தின் உச்சிக் கிளையில் எனக்கு எட்டாத ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்தார், இலை முழுக்க மஞ்சள் திட்டு. அவ கேட்டது இதைத்தானே, இதையும் வெச்சு அனுப்பு என்று மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேறென்ன, தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதித்து உன்னைக் காப்பாராக. முடிவு தெரிந்ததும் சுலைமான் பூத்துக்குப் போன் செய், என்னைக் கூப்பிட வேண்டாம், அப்பாவைக் கூப்பிடச் சொல். அவரே வந்து கேட்டுக்கொள்கிறாராம். கிருமி இருந்தால் இருக்கிறது என்று சொல்லட்டும், அப்பன் என்று பார்த்து மழுப்ப வேண்டாம் என்று எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
ஞானகுமாரி