வானம் கொடுத்தது எந்தக் கையால்

அக்டோபர் 3, வெள்ளி

மேகமூட்டம். மலை தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றபடியே.

விண்கல் துணுக்கு வந்துவிட்டது. எள்ளில் பாதி. இது ஒன்றுதான், கெடுத்தால் இனி தரமாட்டார்கள். அதில் அமினோ அமிலம் இருக்கிறதா? இருந்தால் வானத்துச் சரக்கா, நம் விரல் அழுக்கா?

துறைத்தலைவர் வெங்கட்ராஜா, என் பதவி உயர்வை இரண்டு முறை விழுங்கியவர், ஸ்டாஃப் ரூமில்: "பஞ்சு மில் தூசியில ஒக்காந்து வானத்துத் தூசிய அளக்கப் போறாராம்!" சிரித்தவர்கள் யார் யார் என்று நினைவிருக்கிறது.

வாங்க: பவுடர் இல்லாத கையுறை, கறிவேப்பிலை.

அக். 6, திங்கள்

வெயில். முதலில் துணுக்கு போடாமல் வெறுங்குழாய் சோதனை. திரையில் ஒன்றும் எழக்கூடாது. கோடு கோபுரம் மாதிரி எழுந்தது. முழுக்க இடக்கை வடிவ அமினோ அமிலம், உயிருள்ளவற்றின் சரக்கு. அப்படியென்றால் மனிதக் கை. யார் கை?

டெக்னீஷியன் செல்வி. ஆயுத பூசைக்குக் குழாய் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு!

"எல்லா மிஷினுக்கும் வச்சேன் சார். குழாய்க்கு மட்டும் வைக்கலைன்னா கோவிச்சுக்காதா? பொறவு தொடச்சுட்டேனே."

"எதால?"

"முந்தானையால."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. வெ.ரா. எட்டிப் பார்த்து, "என்னய்யா, வானத்துல சந்தன மரம் நிக்குதோ?" இதுவும் கணக்கில் சேரும்.

ஒட்டிய அழுக்கு எரிந்துபோகக் குழாய்கள் அத்தனையும் உலையில்.

வீட்டில் மீனாவுக்கு விளக்கம்: இந்த அமிலத்துக்கு நம் கைகள்போல இரண்டு வடிவம். உயிருள்ளவை செய்வது பெரும்பாலும் இடக்கை மட்டும். வானத்தில் தானாக உண்டானால் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி.

"அப்ப நாம அம்புட்டுப் பேரும் நொட்டாங்கையா?" என் மனைவிக்கு ஒரே வாக்கியம் போதும்.

அக். 8, புதன்

மழை. ஆனாலும் கரண்ட் போகவில்லை.

வெறுங்குழாய்: நேர்கோடு. அப்பாடா.

துணுக்கு: இரண்டு முகடுகள். இடக்கை, வலக்கை, தோளோடு தோள். மறுபடி ஓட்டினேன். அதே. வானத்துச் சரக்கு! ஆய்வகத்துக்குள்ளேயே செல்வி குலவையிட்டாள்.

வெ.ரா. வந்தார். "வெறுங்குழாய் எங்கய்யா?" காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். குறை கிடைக்கவில்லை. கை நீட்டினார். கொஞ்ச நேரம் நீட்டியபடியே நிற்கவிட்டேன். பிறகு குலுக்கினேன். மன்னிக்கவில்லை.

பஸ்ஸிலிருந்து மீனாவுக்கு போன்.

"ரெண்டு கையுமா?"

"ரெண்டும்."

"பாத்தீகளா, ரெண்டு கையாலயும் குடுத்திருக்கு. மரியாத தெரிஞ்ச எடம்."

இறங்கியதும் பால்கோவா. வீட்டுக்கு, செல்விக்கு. வெ.ரா.வுக்கும் ஒரு பொட்டலம். நாளை இடக்கையால் கொடுக்க.