துயரத்துக்கு வந்த கிராக்கி

பேராதனை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், தூங்குகிற கணவருக்குப் பழைய கலண்டர் தாளின் பின்புறம் மார்கிரட் எழுதினாள்:

"நடாஷா அப்பா, ஒன்லைன்ல நீங்க போட்ட என் படம் வித்துப்போச்சு. பதினோரு மணிக்குக் கொரியர்காரர் வருவாரு. கட்டிப் படுத்த சாரத்தோடயே போய் நிக்காதீங்க. பருப்பு வெந்ததோட கேஸ் முடிஞ்சிருச்சு.

போன தடவை கேஸ் வாங்க மறந்துட்டு வந்தீங்களே, அன்னைக்கு நான் முறைச்ச மூஞ்சிய வரைஞ்சு 'மலையகத்தின் துயரம்'னு பேர் வைக்க வெக்கமா இல்லையா? ஆஸ்பத்திரியில ஃபைல் எழுதுற கிளாக்கு நான், தேயிலைக் கொழுந்துக்கூடையத் தொட்டதே இல்ல!

வாங்குனவரு, அந்தம்மாவுக்கு என்ன துயரம்னு கேட்டிருந்தாரு. 'புருசன் ஓவியர்'னு உங்க போன்ல நானே பதில் போட்டுட்டேன்."

கீழே இடமில்லாமல் ஓரத்தில் சாய்த்து எழுதினாள்:

"அதே மாதிரி இன்னொன்னு வேணுமாம். இன்னைக்கும் கேஸ் வாங்க மறந்துடுங்க. மூஞ்சிக்கு நான் பொறுப்பு."