காற்றடிக்கும் மெஷின் பின்சீட்டில் இருக்கிறது

அம்மாடி,

டயருக்குக் காற்றடிக்கும் மெஷினை உன் வண்டியின் பின்சீட்டில் வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். வண்டியிலேயே செருகுவது விலை குறைவு. உன் வண்டியில்தான் அந்தச் சாக்கெட் வேலை செய்யாதே! அதனால் சார்ஜ் போடுகிற வகையை வாங்கினேன். சார்ஜும் ஏற்றிவிட்டேன்.

"டயர் கிழிஞ்சிட்டா இது உதவாது சார்" என்றார் கடைக்காரர். அதற்கு என்னிடம் வழியில்லை.

"உங்க பிள்ளைய நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா மாமா?" என்று நேற்று அழுதாயே, கேட்டுப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டான்.

நீ அம்மா வீட்டுக்குக் கிளம்புவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வெளியே போகிறேன். குழந்தைக்குப் பால் பிளாஸ்கில் இருக்கிறது.

மாமா

சொல்ல மறந்துவிட்டேன். வழியில் வண்டி நின்றால் எனக்குப் போன் செய். எனக்கு ஓட்டத் தெரியாதுதான். ஆனாலும் செய்.